எண்ணிக்கை சரி

எண்ணூரில் இரும்புக் கதவுக்கு ஆயுசு மூன்று வருஷம்.
நான்காவது மழைக்குக் கீல் மட்டும் மிஞ்சும்.
கடல் உப்பும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும்
கூட்டு வைத்துத் தின்கிற காற்று.

மணலி சோதனைக்கூடத்தில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
ஈயப் பெட்டியில் வந்திருக்கிறது
ஒரு ரூபாய் அகலத்தில் உருக்குச் சில்லு.
நாலு வருஷம் கதிரில் கிடந்து
ஒரு வருஷம் ஆறப்போட்டது.

அதன் மேலே ஒரு தோல்,
குரோமியமும் காற்றும் சேர்ந்து கட்டியது.
அதுவும் துருதான்,
ஆனால் காவலுக்கு நிற்கிற துரு.
கீறினால் காற்று பட்டதும் தானே மூடிக்கொள்ளும்.

கதிர் கீறுவதில்லை.
உள்ளே புகுந்து
உட்கார்ந்திருக்கும் அணுவை எழுப்பிவிடுகிறது.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.
ஓரத்து ஆள் வழிவிட, நடு ஆள் இறங்க,
திரும்ப ஏறும்போது
யார் மடியிலோ யாருடைய கூடையோ.
பெரும்பாலான அணுக்கள் கண் சிமிட்டுமுன்
எங்காவது உட்கார்ந்துவிடும்.
சில மட்டும்
இரண்டு பேருக்கு இடையில் இடுக்கிக்கொண்டு நிற்கும்.
அவை விட்டுப்போன இடம் காலியாகவே கிடக்கும்.
அந்தக் காலி வழியாகத்தான்
ஆக்சிஜன் ஒவ்வோர் இடமாகத் தாவித் தாவி
இரும்பைத் தேடிப் போகிறது.

தண்ணீரையும் விடுவதில்லை கதிர்.
உடைத்துப் பெராக்சைடு ஆக்கிவிடும்.
காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே,
அதே சரக்கு.

சுனாமிக்குப் பிறகு
எங்களைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள்,
அப்புறம் எர்ணாவூரில் மூன்றாவது மாடிக்கு.
பக்கத்து வீட்டு மெல்கியோர் எந்தப் பிளாக் என்று
ஒன்றரை வருஷம் தெரியாது.
கணக்கெடுக்க வந்தவர் சொன்னார்:
"ஒரு குடும்பம்கூடக் குறையலையே."

நுண்ணோக்கியில் இப்போது
தோலின் ஓரம் தெரிகிறது.
ஒரு பக்கம் வரிசை.
ஒரு பக்கம், திருவிழா முடிந்த மைதானம்.
ஓட்டை எங்கும் இல்லை.
சில தோல்கள் அடி வாங்கி இன்னும் இறுகுவதுண்டு,
அதையும் பார்த்திருக்கிறேன்.
இது எந்த வகை என்று
ஒரு சில்லை வைத்துச் சொல்ல முடியாது.

மேலாளர் தேசப்பனுக்குக் காலை ஆறு மணிக்குள் படிவம் வேண்டும்.
"தோல் இருக்கா, இல்லையா? அத்த மட்டும் எழுதும்மா."
'உள்ளது' என்ற கட்டத்தில் டிக் போடுகிறேன்.
பக்கத்து வெள்ளையில், பென்சிலால்:
எல்லாரும் இருக்கிறார்கள்.
யாரும் தன் இடத்தில் இல்லை.

சட்டையிலிருந்து கதிர் அட்டையைக் கழற்றி
ஆணியில் மாட்டினேன்.
அதன் கணக்கு அடுத்த மாசம் வரும்.

வெளியே ஆட்டோ நிற்கிறது. ஏற்கனவே ஐந்து பேர்.
"இன்னும் கொஞ்சம் தள்ளு மே" என்றாள் மீன்கூடைக்காரி.
தள்ளினேன்.