ரசீதின் பின்பக்கம்

தாராபுரம் ரோட்டில், ஊதியூர் தாண்டி,
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
லாரி ஏறும். எண் துடித்துத் துடித்து நிற்கும்.
மொத்தம், வெறும் வண்டி, நிகரம் என்று
மூன்று வரி அச்சாகி வரும், அறுபது ரூபாய்க்கு.
பின்பக்கம் வெள்ளை.

ஆடிக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி
அந்த வெள்ளையில் நாலு வரி எழுதி
கொப்பரை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.
அவர் ஒரு முனையைக் கூராக மடித்து
பல் குத்தினார்.
என் வாசகர் வட்டம் அன்றைக்கு அவ்வளவுதான்,
பல்லையும் சேர்த்தால்.

மறுநாளிலிருந்து நோட்டில் கணக்கு வைத்தேன்.
கொடுத்தது முப்பத்தெட்டு.
திருப்பிப் பார்த்தவர் இரண்டு பேர்,
அதில் ஒருவர் சில்லறை பாக்கி எழுதியிருக்கிறேனா என்று.
எழுத்தைப் பெரிசாக்கினேன். சிவப்பு மை வாங்கினேன்.
நிலாவைக் கொண்டுவந்தேன், கண்ணீரைக் கொண்டுவந்தேன்,
எனக்கு எப்போதும் இல்லாத ஒரு காதலியையும்.
தீபாவளிக்கு முந்தின வாரம் மாமியார் ஜோக் எழுதினேன்.
கிளீனர் பையன்கள் குதித்து ஓடிவந்து வாங்கினார்கள்.
எழுபது, எண்பது, நூற்றிப் பத்து.
வண்டி வரிசை டீக்கடை வரைக்கும் நின்றது,
முதலாளி தோளில் தட்டினார்.
ஜோக் தீர்ந்தது.
"என்னங்க, சரக்கு அவ்வளவுதானுங்களா?"
நோட்டில் மறுபடியும் இரண்டு.

இத்தனை ரசீதும் எங்கே போகிறது என்று
அப்போதுதான் யோசித்தேன்.
வெள்ளகோவில் எண்ணெய் மில்லில்
கணக்கு மேசைமேல் ஒரு கம்பி முள்.
எல்லாம் அதில் குத்திக் கிடக்குமாம்,
என் மூன்றாம் வரியின் நடுவே ஓட்டையோடு.
அங்கிருந்து ஒன்று திரும்பி வந்தது.
'தண்டவாளம்போல் நீளும் இரவு' என்று
நான் எழுதியிருந்ததற்குக் கீழே
பச்சை மையில், கணக்கெழுத்தில்:
"இந்தப் பக்கம் ரயிலே கிடையாது.
நீங்கள் பார்த்ததை எழுதவும்.
எழுத்துப்பிழை இரண்டு.
இப்படிக்கு, தங்கரத்தினம்."

மூன்று நாள் கோபம். பேனாவைத் தொடவில்லை.
நாலாம் நாள் அந்த இரண்டு பிழையைத் தேடினேன்,
மூன்று கிடைத்தது.

பிறகு மேடையைப் பார்த்தேன்,
ஆறு வருசமாய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன்.
லாரி ஏறும்போது அது அரை விரல் இறங்குகிறது.
அடியில் ஒரு தவளை.
முப்பது டன் தலைக்குமேல் நிற்கும்போதும் கத்துகிறது.
மூலனூர்க்காரர் ஒருவர், எண் நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்,
அது பாரத்தில் சேராது என்று எனக்குத் தெரியும்,
அவருக்கும் தெரியும்.

சென்னியப்பனின் கோழி வண்டி வந்தது.
பல்லடத்தில் ஏற்றும்போது ஓர் எடை,
நடுச்சாமத்தில் இங்கே ஓர் எடை.
பதினெட்டு கிலோ குறைவு.
ஒரு கோழியும் இறங்கவில்லை.
அதை அப்படியே எழுதினேன்,
முதலில் பதினொரு வரி, வெறும் வண்டியைக் கழிக்கிறமாதிரி
கழித்துக் கழித்து நாலு.
அவர் ஹெட்லைட் வெளிச்சத்தில் நின்று படித்தார்,
இரண்டு தடவை.
"ஏனுங்க, இது அப்புடியேதானுங்க" என்றார்.
நோட்டில் 'ஒன்று' என்று குறித்தேன்.

வெள்ளகோவிலிலிருந்து பச்சை மை:
"பிழை ஒன்று. தவளை என்ன ஆயிற்று?"

மார்கழியில், முன்னால் இருப்பது தெரியாத பனியில்
சென்னியப்பன் காலி வண்டியை மேடையில் ஏற்றினார்.
"காலி வண்டிக்கு எதுக்குங்க எடை?"
அறுபது ரூபாயை நீட்டினார்.
"பின்னாடி எழுதித் தாங்க."

மொத்தம், வெறும் வண்டி, இரண்டும் ஒரே எண்.
நிகரம்: பூஜ்யம்.
ரசீதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஒரு வார்த்தையும் வரவில்லை.
தவளைகூடச் சும்மா இருந்தது.
"நிதானமா எழுதுங்க, டீ குடிச்சுட்டு வாரனுங்க" என்றவர்
நாலடி போய்த் திரும்பி வந்து
இஞ்சினை அணைத்தார்.