பிரேக்கில் காற்று

பிரேக்கில் காற்று பிடித்துவிட்டால்
தனியாளாய் எடுக்க முடியாது.
ஒருத்தர் உள்ளே ஏறிப் பெடலை மிதிக்கணும்,
ஒருத்தர் அடியில் கிடந்து நிப்பிளைத் திறக்கணும்.
அதற்காகத்தான் அவனைக் கூப்பிட வேண்டிவந்தது.
நான் போகவில்லை. மகளை அனுப்பினேன்.

எட்டு மாசம்.
அறுபத்தொன்பதாம் வருசத்து லேண்ட் ரோவர்,
தோட்டத்து ஏலத்தில் ஆளுக்குப் பாதி போட்டு எடுத்தது.
ஜப்பான் வேனின் டீசல் இன்ஜினை அதில் ஏற்ற
மவுண்ட் வெட்டி ஒட்டியதில்
வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் வெந்து
உருளைக்கிழங்கு வில்லையைக் கட்டிக்கொண்டு நான் படுத்திருந்த அன்று
பழைய பெற்றோல் இன்ஜினை
கிலோ கணக்கில் நிறுத்து விற்றுவிட்டான் நேசன்.
"ஓடாத இரும்புதானே மச்சான்."
அதுதான் நாங்கள் கடைசியாய்ப் பேசியது.

பட்டிப்பொலையில் ஏழு மணிக்கே பனி
லீக்ஸ் பாத்தியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிடும்.
சில்லுக்குக் கல் அண்டைகொடுத்து
உரச்சாக்கை விரித்து அடியில் புகுந்தேன்.
டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய சேலைன் குழாய்,
ஜாம் போத்தலில் இரண்டு விரல் பிரேக் எண்ணெய்.
மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சில்லு முதலில்,
பின்பக்கம் இடது.

கதவு சாத்துகிற சத்தம்.
சீட்டு ஸ்பிரிங் முனகியது.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"புடி."
"புடிச்சிருக்கேன்."
கால் சுற்றுத் திறந்தேன்,
சேலைன் குழாயில் குமிழ் குமிழாய் ஓடி
போத்தலுக்குள் வந்து வெடித்தது காற்று.
மூடினேன்.
"விடு."

நான் மூடுமுன் அவன் காலை எடுத்தால்
வெளியே வந்தது முழுக்க உள்ளே திரும்பிவிடும்.
ஒருதரமும் முந்தவில்லை.
அவன் பாதம் இறங்குவது
அத்தனை நீளக் குழாயில் ஊர்ந்து வந்து
என் ஸ்பேனரில் லேசாய்த் துடித்தது.

இடது சுத்தம்.
வலதில் பதினேழாவது மிதிக்கும் குமிழ்.
இருபதுக்கும்.
ட்ரம்மைத் தட்டிக் கழற்றினால் உள்ளே எண்ணெய் ஈரம்,
சிலிண்டரின் றப்பர் கப்
எலி கொறித்த ரொட்டி போல.

அவன் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான்.
கேட்காமலே டோர்ச்சைச் சரியான இடத்தில் பிடித்தான்.
கொஞ்சநேரம் இரண்டுபேரும்
கிழிந்த றப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பின்னுக்கு ஒரு இஞ்சிதானே?"

"ஒரு இஞ்சி. முன்னுக்குத்தான் ஒண்ணேகால்."

"நாளைக்குப் போயா. கட இருக்காது.
நாளான்னிக்கி வெலிமட போறேன்."

"ரெண்டா வாங்கு. மத்ததுக்கும் அதே வயசு."

"காசு இருக்கு" என்றான்.

எந்தக் காசு என்று நான் கேட்கவில்லை.
எண்ணெய் டின்னை இறுக்கி மூடினேன்.
திறந்து வைத்தால்
இந்தப் பனியின் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும்.