மூன்று இருபத்தைந்து

இரவு ஒன்பதே கால்.
ஏழாம் வார்டு, பதினெட்டாம் படுக்கை.
சக்கரம் கிறீச்சிடும் கணினி மேசையை நிறுத்தி
கேள்விகளைத் திறக்கிறேன்.

கடந்த மூன்று மாதத்தில் விழுந்ததுண்டா?
“இல்ல மிஸ்ஸி.”
முழங்கைக்குக் கீழே
மங்குஸ்தான் தோலின் நிறத்தில் ஒரு கன்றல்,
ஓரம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.
நான் பார்ப்பதைப் பார்த்து
அது போர்வைக்குள் போகிறது.

வேறு நோய் உண்டு: பதினைந்து.
கைத்தடி: பதினைந்து.
நரம்பில் ஏறும் மருந்துக் குழாய்: இருபது.
தளர்ந்த நடை: பத்து.
தன் பலத்தைத் தானே கூட்டி மதிப்பவர்: பதினைந்து.
(“இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினேன்,
ஒரு கீறல் கெடையாது.”)

அவர் சொன்ன பொய்யோடு எழுபத்தைந்து.
பொய்யைக் கழித்தால் நூறு.
சிவப்புக் கோடு ஐம்பத்தொன்றிலேயே தொடங்கிவிடுகிறது,
தங்கையா, அந்தப் பொய்
உங்களுக்கு எதையும் மிச்சம் பிடித்துத் தரவில்லை.

மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.
அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை.
கட்டிலைத் தரையோடு தாழ்த்தினேன்,
மெத்தைக்கடியில் எச்சரிக்கை விரிப்பு,
அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில்.
“எழும்பணும்னா இத அழுத்துங்க.”
“சரி மிஸ்ஸி.”
இந்த வார்டில் எல்லாரும் சொல்வார்கள் சரி.
என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் சொல் அது.

மூன்று நாற்பதுக்கு அலறியது விரிப்பு.
ஓடினேன். (எங்களை ஓடக் கூடாது என்பார்கள்.)
கட்டில் விளிம்பில் அவர்,
ஒரு கால் தரையில், இன்னொன்று அந்தரத்தில்,
வலது கை இருட்டில் எதையோ துழாவியபடி.

குழம்பிப்போய்விட்டாரோ என்று
தேதி கேட்டேன், சொன்னார்.
இது எந்த இடம் என்றேன்.
“யீஷுன். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு.
பெடோக் டிப்போவுல மொத பஸ் என்னுது.
இந்த நேரம் ஒடம்பு தானா எழும்பிடும்,
எழும்பினா மொதல்ல பாத்ரூம்.”
மணி?
“அடிச்சா நீ ஓடி வருவ.
பக்கத்துக் கட்டில் கோ இப்பத்தான் கண்ண மூடினாரு.”

என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பிறர் தூக்கத்துக்குப் பயந்து எழுபவர்: எத்தனை மதிப்பெண்?

கழிவறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.
உள்ளேயிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே:
“விழுந்தேன். ரெண்டு தடவ.
சர்க்கிட் ரோடு வீட்டுல, இதே மாதிரி ஒரு பாத்ரூம்ல.
மகளுக்குத் தெரிஞ்சா வீட்டப் பூட்டி
சாவிய வாங்கிக்குவா.”
பிறகு, கைப்பிடியை விட்டு என் கையைப் பற்றியபடி,
“எழுதிக்க. சொல்லாத.”

எழுதினேன். எழுபத்தைந்து நூறாயிற்று.
பள்ளிக்கூடத்தில் நான் ஒருபோதும் எடுக்காத நூறு.
குடும்பத்தாரிடம் தெரிவிக்கப்பட்டதா என்ற கட்டத்தில்
துடித்துக்கொண்டே இருந்தது சுட்டி.
காலை எட்டரைக்குச் சமூகப் பணியாளர் வருவார்,
அவரிடம் அவரே பேசட்டும் என்று
அப்படியே விட்டேன்.
அது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கடைசியில், யாரும் அதிகம் படிக்காத
அந்தக் காலியிடத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
இரவு 3.25க்கு அவரிடம் போகவும். மணிக்காகக் காத்திருக்க வேண்டாம்.
பணி மாற்றும்போது மரிசெல் அதைச் சத்தமாக வாசித்தாள்,
“மூணு இருபத்தஞ்சா? முப்பது இல்லையா?”
எழுந்து உட்காரவும் காலுறையைச் சரிசெய்யவும்
அவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும் என்றேன்.
தலையாட்டி, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் எனக்கு விடுப்பு.
உட்லண்ட்ஸ், பன்னிரண்டாவது மாடி.
அலாரம் வைக்கவில்லை.
மின்விசிறியின் ஓசையில் விழித்துக் கைபேசியைப் பார்த்தேன்,
மூன்று இருபத்தேழு.
மரிசெல் போயிருப்பாள்.
போயிருப்பாள்தானே?

தாகம். விளக்கைப் போட்டால்
கணவர் எழுந்துவிடுவார்.
இருட்டிலேயே
செருப்பைத் தேடுகிறது
என் கால்.