இடப்பக்கம்

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பாத்திரம் கழுவுகிற நேரம்
வயலின் நின்றுபோனது.
மிருதங்கம் நிற்கவில்லை.
முதலில் அதை வித்துவானின் கெட்டித்தனம் என்றே நினைத்தேன்.

யோகமலர் சொன்னாள்: உங்கட காதாயிருக்கும்.
இருக்கலாம். இருபத்தாறு வருடம்
வினிப்பெக் பஸ் தொழிற்சாலையில்
ரிவெட் அடித்த காது.
கதிரையைத் திருப்பிப் போட்டு
சுவருக்கு முகம் காட்டி இருந்து பார்த்தேன்.
இடது காதுக்கும் நன்றாகவே கேட்டது, அதே மிருதங்கம்.
பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு
வயர்களை இடம் மாற்றினேன்.
மௌனமும் இடம் மாறியது.
ஆக, காதில்லை, ஸ்பீக்கரில்லை,
ஆம்ப்ளிஃபயர்தான்.
எனக்கு வந்த நிம்மதியை
அதற்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

ஆரணி ஒரு தோடம்பழம் அளவில்
எதையோ வாங்கிவந்து மேசையில் வைத்தாள்.
கேட்டால் பாடுமாம்.
நான் கேட்ட ராகத்துக்கு அது வானிலை சொன்னது:
சைபருக்குக் கீழே பத்தொன்பது.
கடையில் புது ஆம்ப் இருநூற்று நாற்பத்தொன்பது டாலர்.
தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாத கனம்.
வாங்கவில்லை. திருத்தவும் கொடுக்கவில்லை.
மார்கழி முடியும் வரை
வலது பக்கத்தை மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் பிடிபட்டது.
அந்தக் கச்சேரியில், தனி தொடங்கச் சற்று முன்னால்,
யாரோ மூச்சுக்கு அடியில் எண்ணுகிறார்.
மிருதங்கக்காரரா, பக்கத்தில் கடமா, தெரியாது.
தகிட இல்லை, தரிகிட இல்லை;
ஒன்று, இரண்டு, மூன்று,
சந்தையில் தேங்காய் எண்ணுகிற குரல்.
ஏழில் தடுமாறி
ஒரு 'சே' சொல்லி
எட்டுக்குப் போகிறார்.
இத்தனை வருடம் வயலின் அவரை மூடியிருக்கிறது.

தை பிறந்ததும் பெட்டியைப் போர்வையில் சுற்றி
சார்ஜன்ட் அவென்யூ பஸ்ஸில் ஏறினேன்.
பதினொரு கிலோ.
ஒரு பொடியன் எழும்பி இடம் தந்தான்,
குழந்தை என்று நினைத்திருப்பான்.

ரொகேலியோ உடனே கரண்ட் கொடுக்க மறுத்தார்.
குளிரிலிருந்து வந்தது, உள்ளே வேர்க்கும்,
ஒரு மணித்தியாலம் விடு.
ஆஸ்பத்திரி வாங்கில் இருப்பவர்கள் போல
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூடியைக் கழற்றிச் சரித்ததும்
ஏழு செப்புச் சதங்கள் விழுந்தன,
இன்றைக்கு எந்தக் கடையும் வாங்காத காசு.
ஆரணி நாலு வயதில் இதை உண்டியல் என்று நினைத்திருக்கிறாள்.
பழுது இதால் இல்லை, என்றார்.
இவ்வளவு நாள் எரியாமல் இருந்ததுதான் புதினம்.

ரிலே, எட்டுக் கபாசிட்டர், கூலி:
இருநூற்று எண்பது.
புதுசு இதைவிட மலிவு, நானே சொல்கிறேன்.
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
மூன்று மாதம் ஒரு பக்கத்தோடு இருந்திருக்கிறாய்,
ரெண்டும் கட்டாயம் வேணுமா, என்றார்.

பகிடியா, கேள்வியா, விளங்கவில்லை.
திருத்தினால் வயலின் வரும்.
வந்தால் அவர் போய்விடுவார்.
இதை ஒரு பிலிப்பினோக்காரருக்கு
என் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
வெள்ளிக்கிழமை சொல்கிறேன், என்றேன்.
கதவுவரை போய்த் திரும்பி வந்து
முற்பணம் நூறு வைத்தேன்.

யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
கணக்குக் கொப்பியில்
'மருந்து' என்ற இடத்துக்குக் கீழே எழுதினாள்.

மாசி. வெளியே கார்கள் எல்லாம்
வயர் செருகி நித்திரை.
வயலின் வந்துவிட்டது, முழுசாக,
முன்பு கேட்டதைவிடக் கொஞ்சம் அகலமாக.
தனி நெருங்கும்போது எழும்பிப் போய்
பாலன்ஸ் குமிழை வலப்பக்கம் ஒரு மயிரிழை திருப்புகிறேன்.
இன்னும் ஒரு மயிரிழை.

குசினியிலிருந்து கேட்கிறாள்:
என்ன, திரும்பப் பழுதோ?

இல்லையப்பா.
ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.
கொஞ்சம் பொறு, ஏழு வரப்போகுது.