இதர

தேவகோட்டை. மாசி பதினேழு.
தொண்டியிலிருந்து மரைக்காயரின் ஆள் வந்தான்,
தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்:
நாகுதா கல்ஃபானின் பாய்க்கப்பல் எரிந்துவிட்டதாம்.
கொளுத்தியது வெள்ளைக்காரனின் பீரங்கிப் படகு.

மஸ்கட் சுல்தானின் செங்கொடிக்கு
சான்சிபார் வரை காற்றே சுங்கம் கட்டிய காலம் உண்டு.
இப்போது வருபவை காற்றுக்குக் காத்திருப்பதில்லை.
கரியைத் தின்று, எதிர்க்காற்றிலும்,
இரவும் பகலும்,
நம் வட்டியைப் போல.

முதலாளி வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.
"பற்று?"
"நாலாயிரத்து முந்நூறு."
"சரக்கு?"
பேரேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்.
கிராம்பு. தந்தம். பேரீச்சை. இதர.

"இதரன்னா?"

இருபது வருஷமாக அவர் கேட்காதது.
நானும்தான்.
வந்தவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:
கீழ்த்தட்டில் எழுபது பேர்.
கொளுத்துமுன் வெள்ளைக்காரன் இறக்கிக்கொண்டான்,
இனி உங்களுக்கு விடுதலை என்றானாம்,
மொரீஷியஸ் கரும்புக்கு அனுப்பிவிட்டானாம்.

கிட்டங்கியில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம்.

"வராக்கடன்னு எழுது," என்றார் முதலாளி.
எழுதினேன்.
"அந்த ஒரு சொல்லை அடிச்சிடு."
அடித்தேன்.
பழக்கதோஷம், மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
தொகை மாறவில்லை.