ஆடும் பல்

ஜூன் மாதம், சால்ட்டோவில் குளிர்.
கிடங்கிலிருந்து எல்வியோ திரும்பும்போது
ஆரஞ்சுத் தோலின் வாசம்
அவனுக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிடும்.
முன்பெல்லாம் பிடிக்கும்.
இப்போது குமட்டுகிறது என்று நான் சொல்லவில்லை.
ஆனாலும் வாசற்குழாயில் மூன்றுமுறை
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

டாக்டர் இபார்ரா "வசந்தம் வரை" என்றார்,
தன் பேனா மூடியைப் பார்த்தபடி.
வசந்தத்தின் தொடக்கமா முடிவா
என்று கேட்டிருக்கலாம்.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அன்று சாயங்காலம்தான்
லவ்தாரோ வாயைத் திறந்து காட்டினான்:
கீழ்வரிசை, நடுவில், இடப்பக்கம்,
அரிசி போல ஒன்று
நாக்கு பட்டதும் தலையாட்டியது.

பல்லே,
அப்போதிருந்து நீதான் எனக்கு நாட்காட்டி.
பட்டம், கல்யாணம், அரும்பு மீசை
எதையும் நான் கேட்கவில்லை.
பூசணிக்காய்க்குக்கூடப் பாதி விலை சொல்லிப் பழகியவள்,
எதில் தொடங்கினால் படியும் என்று தெரியும்.
ஒரு பல்.
அது விழும்போது நான் விழித்திருக்க வேண்டும்.

மருந்து என் விரல்நுனிகளை எடுத்துக்கொண்டது.
பொத்தான், சாவி, தீக்குச்சி
எல்லாம் கையுறைக்கு அப்பால் இருப்பவைபோல.
பள்ளி அங்கியின் வெள்ளைக் கழுத்தில்
நீல நாடாவைப் பூவாகக் கட்டவேண்டும்.
என்னிடம் அது ஒரு காதுள்ள முயலாகிறது.
எல்வியோ ஒருநாள் கட்டினான்,
ஆரஞ்சு மூட்டைக்குப் போடும் முடிச்சு.
அதோடே போய்விட்டு வந்தான் பிள்ளை.
"யாரும் சிரிக்கல" என்றான்.
அதுதான் எனக்குச் சுருக்கென்றது.
ஆறு வயதுக் குழந்தைகள் இருபத்தெட்டுப் பேர்;
அவர்களிடமும் யாரோ பேசியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் கூடி மாத்தே குடிக்கும்போது
சுரைக்குடுவை கைமாறிக் கைமாறி வந்து
என் முறையில் மட்டும் தாண்டிப் போகிறது.
எனக்குத் தொற்று ஆகாதாம், என் நல்லதுக்குத்தானாம்.
ஒரே உறிஞ்சுகுழலில் எத்தனை வருடம்
எத்தனை பேரின் எச்சில் குடித்திருக்கிறேன்!

ஜூலையில் ஓர் இரவு தூக்கமில்லை.
அவன் வாய் பிளந்து உறங்கினான்.
தெருவிளக்கின் வெளிச்சம் உன்மேல்.
நூல் போதும்,
ஒரே சுண்டு.
கட்டிலருகே மண்டியிட்டேன்.
கையில் நூல்கூட இருந்தது,
அவன் கால்சட்டையைத் தைத்து மிச்சமான பழுப்பு நூல்.
பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
அவசரம் என்னுடையது,
பல் அவனுடையது.

ஆகஸ்டில் மழை.
மழை என்றால் நெல்லி வீட்டில் பொரித்த ரொட்டி.
நான் உறங்கிக்கொண்டிருந்தேன்
(இப்போது பகலிலும் உறங்குகிறேன்).
செருப்பு இல்லாமல் ஓடிவந்தான்,
உதட்டில் சர்க்கரை, தாடையில் கண்ணீர்,
நடுவில் ஓர் ஓட்டை.

ரொட்டியோடு உன்னை விழுங்கிவிட்டானாம்!
தலையணைக்கடியில் எதை வைப்பது,
எலி எதற்குக் காசு கொடுக்கும் என்று அழுகை.

நான் சிரித்தேன்.
தையல் போட்ட விலா இழுக்க இழுக்கச் சிரித்தேன்.
சத்தம் கேட்டு எல்வியோ
முகம் வெளுத்து, கையில் சவர நுரையோடு வந்து நின்றான்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.
அவன் நம்ப வெகுநேரம் ஆனது.

எலிக்கு ஒரு கடிதம் எழுதினோம்.
"பல் பையனுக்குள் இருக்கிறது.
இது உண்மை. சாட்சி: அம்மா."
என் கையெழுத்தே எலி எழுதியதுபோல் இருந்தது.
விடிவதற்குள் ஐம்பது பெசோ நாணயம் வந்துவிட்டது.
அதில் லேசாக ஆரஞ்சு வாசம்.

இப்படியாக, பல்லே,
நீ என்னை முந்திக்கொண்டாய்.
அவனுக்குள்ளே எங்கோ போய்விட்டாய்.
நான் பார்க்கவும் இல்லை.

காலையில் நாடா கட்டக் கழுத்தை நீட்டியவன்
வாயையும் திறந்தான்.
"பக்கத்துப் பல்லும் ஆடுது,
தொட்டுப் பாரு."

தொட்டேன்.
என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.
"ஆமாண்டா" என்றேன்.