வழுவமைதி

துர்க்குவில் நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
ஆறு கடக்கும் படகுத்துறைக்கு ஒரு கூரை வேண்டும்:
பன்னிரண்டு மீட்டர் அகலம், நடுவில் தூண் கூடாது,
பனியைத் தாங்க வேண்டும், எடை குறைய வேண்டும்.
நகராட்சிக் கடிதத்தில் அவ்வளவுதான்.

ஹெல்வி கணினியிடம் சொன்னாள்: குறை.
அது இரவு முழுக்கக் குறைத்தது.
இங்கே ஒரு கம்பி, அங்கே ஒரு நூல் தடிமன்.
விடிந்தபோது திரையில் நின்றது
நரம்பு மட்டும் மிஞ்சிய இலை மாதிரி ஒன்று.
ஒரு கிராம்கூடச் சும்மா இருக்கவில்லை.
எந்தக் கம்பியும் இன்னொன்றுக்கு முன்னால் வளையாது,
வளைந்தால் எல்லாம் ஒரே நொடியில்.
அதைத்தான் உத்தமம் என்றது கணினி.

அவளும் அரைமணி நேரம் நம்பினாள்.

பிறகு ஏதோ உறுத்த
ஒரே ஒரு முடிச்சை நான்கு மில்லிமீட்டர் நகர்த்தினாள்.
நான்கு. இரண்டு தீக்குச்சியின் தடிமன்.
தாங்கும் பனி பாதியாய்ச் சரிந்தது.
திரும்ப ஓட்டினாள். பாதிதான்.

மறுநாள் பட்டறையில் ரெய்யோ
முகக்கவசத்தைத் தூக்கிக் கேட்டான்: என்ன அளக்கிறாய்?
உன் பற்றவைப்பு எவ்வளவு விலகுகிறது என்று.
இருபத்தாறு வருஷம் கப்பல் ஒட்டிய கை.
அந்த வாரம் அவளோடு பேச்சில்லை,
காப்பிக் கோப்பையைக்கூட வேறு மேஜைக்கு மாற்றிக்கொண்டான்.

அவள் அளந்தாள். நூற்று நாற்பது முடிச்சு.
சூடு ஆறும்போது இரும்பு எந்தப் பக்கம் இழுக்கிறது,
திங்கள் காலை எவ்வளவு, வெள்ளி மாலை எவ்வளவு
(வெள்ளி மாலைதான் நேராக இருந்தது, அவளுக்கே வியப்பு),
கதவு திறந்து கிடந்த நாளில் எவ்வளவு.
ஒரு முடிச்சு இடம் பெயர்ந்தால்
பக்கத்து முடிச்சும் அதே பக்கம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது.
தனியாகப் பிசகுவதில்லை எதுவும்.

எல்லாக் கோணலையும் கணக்கில் ஊற்றினாள்.
ரெய்யோ கட்டப்போகிறான், என்றாள் கணினியிடம்.
அதற்கேற்பக் குறை.

மூன்று இரவுகள். ஆயிரம் கூரைகளை
ஆயிரம் விதமாய்க் கோணவைத்துப் பார்த்து
அது தந்தது கொஞ்சம் சதைப்பிடிப்பான உருவம்.
தொண்ணூறு கிலோ கூடுதல்.
முன்பு வேண்டாம் என்று போன இரண்டு கம்பிகள்
அழைக்காமல் வந்த உறவுபோல் ஓரத்தில் நின்றன.
விழுவதற்கும் இப்போது ஒரு வரிசை இருந்தது:
முதலில் இது முனகும், பிறகு அது,
அதற்குள் ஆள் விலகிவிடலாம்.

தொண்ணூறு கிலோவுக்காக நகராட்சியில் ஒரு மணி நேரத் தகராறு.
முதல் வரைபடம் அழகாய் இருந்ததே?
இருந்தது, என்றாள். கட்டத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி. கூரைமேல் முழங்கால் அளவு பனி.
படகு இன்னும் அக்கரையில்,
பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு திரும்புகிறது.
ரெய்யோ அண்ணாந்து பார்க்கிறான்.
வடக்கு மூலையில் அந்த முடிச்சு,
மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம்.
வேறு யார் கண்ணுக்கும் படாது.
காற்று அங்கே கொஞ்சம் குறைவு.
மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்
அதன் நேர்கீழே நின்றுகொள்கிறான்.